கிராணி

அவளுக்குக் கிராணி என்று பெயர் வைத்தது
என் தம்பி குணாளன்.
சாயங்காலம் பட்டி வாசலில் நின்றுகொள்வாள்.
ஒவ்வொரு மாடும் நுழைய நுழையத்
தலையை ஒரு ஆட்டு,
செக்ரோலில் பேர் போடுகிற மாதிரி.
எல்லாரும் வந்த பிறகுதான் அவள் வருவாள்.

போன வியாழன் பதினான்கு உருப்படி வந்தது.
வாசலில் யாரும் இல்லை.
எண்ணுகிறவளே வராத நாளில்
நான் இரண்டு முறை தப்பாக எண்ணினேன்.

டார்ச் லைட்டும் ரப்பர் பூட்ஸுமாய்
செம்பனைக்குள் இறங்கினோம்.
மருந்தடித்த நிரைகளில்
புல் மஞ்சளாய்ப் படுத்துக் கிடந்தது.
இருவரும் பேசவில்லை.
ஒவ்வொரு கால்வாயிலும்
முதலில் அவன் வெளிச்சம் அடித்தான்,
அவன் ‘இல்லை’ என்ற பிறகே நான் பார்த்தேன்.

பன்னிரண்டு மணிக்கு
மாமாக் கடை சுல்பிகார் போன் போட்டான்.
‘அக்கா, கூலிம் ரோட்டு முச்சந்தியில
நகராண்மைக் கழக லாரியில
செவலை ஒண்ணு ஏறிப் போச்சு.’
பிடிபட்டிருக்கிறாள்.
உயிரோடு பிடிபட்டிருக்கிறாள்.
ஈர மண் என்றுகூடப் பார்க்காமல்
அப்படியே உட்கார்ந்தேன்.

விடியுமுன் கறந்து,
முப்பது பொட்டலம் கட்டி,
பாடாங் செராய்க் கடைகளுக்குப் போட்டுவிட்டு
அதே மோட்டாரில் போனேன்.

கம்பிவேலிக்குள் ஏழு மாடுகள்.
அதிகாரி சின்னப் பையன், பெயர் ஹபிஸ்.
காது வில்லை எங்கே என்றான்.
போன மாதம் வேலியில் மாட்டிக் கிழிந்தது என்றேன்.
போட்டோ?
போனில் தேடிக் காட்டினேன்.
நனைந்த கன்று ஒன்று, அழகாக.
தாய் வெறும் வால்.

‘சரி, கூப்பிடுங்கள். வருகிறதா பார்ப்போம்.’

கூப்பிட்டேன்.
ஹே... கிராணி, ஹே...
வீட்டுக் குரல்தான்.
ஆபீஸ் வாசலில் கொஞ்சம் வெட்கப்பட்டு வந்தது.

ஆறு மாடுகள் நிமிர்ந்தன.
இரண்டு வேலி வரைக்கும் வந்துவிட்டன,
யார் வீட்டுப் பசியோ.
ஒருத்தி மட்டும்
காதை ஒரு தடவை அசைத்தாள்.
மெதுவாகத் திரும்பி
பின்புறத்தை எனக்குக் காட்டியபடி
சுவரைப் பார்த்து நின்றாள்.

‘அதுதான் என்னுடையது’ என்றேன்.
‘அது வரவே இல்லையே?’
அவனுக்கு எப்படிச் சொல்வது.
முன்பின் தெரியாதவள் மேல்
யாராவது இவ்வளவு கோபப்படுவார்களா?
‘மெராஜு’ என்றேன்.
அந்த ஒரு மலாய்ச் சொல் போதுமாயிருந்தது.
எங்கள் வீட்டுப் பூனையும் இப்படித்தான் என்று
முத்திரையை எடுத்தான்.

முன்னூறு வெள்ளி.
டயர் மாற்ற வைத்திருந்த காசு.

ஆ கியோங்கின் லாரியில் அவளும் நானும்.
அவள் பக்கமிருந்து ஒரு பார்வைகூட இல்லை.
இவளுடைய மூன்று காளைக் கன்றுகளை
ஹாஜிப் பெருநாளுக்கு விற்றிருக்கிறேன்.
மறுநாள் காலை அதே மடியைப் பிடித்தபோது
பேசாமல் பால் விட்டாள்.
அதற்கெல்லாம் அவள் கோபித்ததில்லை.
அல்லது கோபித்தது
எனக்குத் தெரியாமல் போயிருக்கலாம்.
லாரி குலுங்கும்போதெல்லாம்
அவள் விலா என் தோளில் இடித்தது.
நான் நகரவில்லை.

புண்ணாக்கு வைத்தேன்.
தள்ளிப் போன பிறகுதான் வாய் வைத்தாள்.
அன்றைக்கு அரை லிட்டர்.
மறுநாளும் அவ்வளவே.
வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி
நெற்றியை அவள் வயிற்றில் சாய்த்துச்
சும்மா உட்கார்ந்திருந்தேன்.
உள்ளே ஏதோ கடகடவென்று அரைபட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம்
வாசலுக்கு வந்து நின்றாள்.
ஒரு ஆட்டு, ஒரு ஆட்டு.
பதினான்கும் உள்ளே போயாயிற்று.
அவள் போகவில்லை.
‘போ’ என்றேன்.
என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.
கொசு மொய்க்கத் தொடங்கியது.
பட்டிக்கு வெளியே இன்னும் நிற்பது யார் என்று
எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

உள்ளே போனேன்.

தலையை ஆட்டினாளா, ஈ விரட்டினாளா,
இருட்டில் சரியாகத் தெரியவில்லை.
என் காலை மிதித்துக்கொண்டு
கடைசியாக வந்தாள்.